அபிப்பிராய மணி

"மாடு என்னுது" என்று சொன்னதற்காக ஒரு மனுஷனைப் பார்த்து மணி அடித்தார்கள். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். அது உங்கள் அபிப்பிராயம்.

பாகலூருக்கு மேற்கே, மைசூர் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் சிக்கனபள்ளி என்று ஓர் ஊர். இந்தச் சீமையில் அந்தப் பேரில் நாலைந்து ஊர் இருக்கும். எந்தச் சிக்கனபள்ளி என்று வண்டி கட்டிக்கொண்டு தேடக் கிளம்பாதீர்கள். வருஷம் ஐம்பத்தைந்து. மொழி பார்த்து மாநிலம் பிரிக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் பக்கத்தில் மொழி பார்த்துப் பிரிப்பதென்றால் ஒவ்வொரு வீட்டையும் குறுக்கே அறுக்க வேண்டும். திம்மப்பன் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். கணக்குப் பார்ப்பது தெலுங்கில், மாட்டைக் கொஞ்சுவது கன்னடத்தில், பெண்டாட்டியோடு சண்டை போடுவது தமிழில். சண்டைக்குத் தமிழ்தான் வாகு என்பாள் அவன் பெண்டாட்டி கெம்பம்மா.

அந்தத் திம்மப்பனின் மாடு பசவன் ஒரு நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் சர்க்கார் வயலில் வாயை வைத்துவிட்டது. ஜப்பான் முறையில் நெல் பயிர் செய்து காட்டுகிறோம் என்று பலகை நட்டு வைத்திருந்த வயல். பலகை நன்றாக வந்திருந்தது. நெல் வரவில்லை. கோரைதான் முழங்கால் உயரம் நின்றது. பசவனுக்குப் பலகை படிக்கத் தெரியாது, கோரையைத் தின்றுவிட்டு நின்றது. பிடித்துக்கொண்டு போய் ஏரிக்கரை ஓரத்துச் சர்க்கார் மாட்டுப் பட்டியான பவுண்டில் அடைத்துவிட்டார்கள்.

பயிர் மேய்ந்த மாட்டைப் பவுண்டில் அடைப்பது புதிதல்ல. முன்னெல்லாம் உடையவன் போவான், அபராதத்தைக் கட்டுவான், பட்டி வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பான். எந்த மாடு ஓடி வருகிறதோ அது அவன் மாடு. விஷயம் தீர்ந்தது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

ஆனால் இப்போது கண்ணாடி வந்துவிட்டது. விசேஷ அதிகாரி வைகுந்தநாதன் என்று ஒருவர், வடக்கே எங்கேயோ போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பி, நேராக எங்கள் தலையில் இறங்கியிருந்தார். பயிற்சியில் பல விஷயம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவருக்கு ஒன்றுதான் பிடிபட்டது. உலகத்தில் பேசப்படுகிற பேச்செல்லாம் இரண்டே ஜாதி. ஒன்று வாஸ்தவம், இன்னொன்று அபிப்பிராயம். வாஸ்தவத்தைச் சர்க்கார் ஏற்கும். அபிப்பிராயத்தைச் சர்க்கார் காதிலேயே வாங்காது.

காதில் வாங்காமலிருக்க ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார். எவனாவது அபிப்பிராயம் சொல்ல வாயெடுத்தால் ஆபீஸ் சேவகர் கௌஸ் மொய்தீன் உடனே மணி அடிக்க வேண்டும். மணி அடித்துவிட்டால் சொன்னது சொல்லாததாகிவிடும். மேலிடத்துக்கு மணி கேட்டு எழுதிப்போட்டது என்னவோ உண்மைதான். வரவில்லை. அதனால் பவுண்டில் அடைத்த மாடு ஒன்றின் கழுத்திலிருந்து வெண்கல மணியைக் கழற்றி வந்து மேஜைமேல் வைத்திருந்தார்கள்.

எந்த மாடு என்கிறீர்கள்? பசவன்தான்.

திம்மப்பன் சாவடி ஆபீசுக்குள் நுழைந்ததும் மணியைத்தான் பார்த்தான். அவனுக்கு ஏர் ஞாபகம் வந்தது. மழை விழுந்து நிலம் பதமாக இருக்கிறது. ராகிக்கு உழ வேண்டிய நேரம். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு ஏர் எப்படிப் பூட்டுவது? அதோடு பசவன் வெறும் ஏர் மாடு மட்டுமல்ல. தாய்ப்பசு செத்த பிறகு கெம்பம்மா கையால் கஞ்சி ஊற்றி வளர்த்த கன்று. மாட்டை ஓட்டிக்கொண்டு வராமல் வீட்டுப் பக்கம் தலை காட்டாதே என்று அவள் சொல்லியிருந்தாள், தமிழில்.

"சாமி, மாட்டை ஓட்டிக்கினு போலாம்னு வந்தேங்க. அந்த மாடு என்னுதுங்க."

டிங் டிங் டிங்.

திம்மப்பன் திடுக்கிட்டுக் கோயிலில் நிற்பவன் மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"கும்பிடாதே," என்றார் வைகுந்தநாதன். "'மாடு' என்றாயே, அது வாஸ்தவம். எல்லோரும் பார்க்கலாம். 'என்னுது' என்றாயே, அது உன் மனசில் இருக்கிறது. மனசில் இருப்பது அபிப்பிராயம்."

"ஊரையே கேட்டுப் பாருங்க சாமி!"

டிங் டிங்.

"ஊர் என்பது பல பேருடைய அபிப்பிராயம். ஆயிரம் பூஜ்யத்தைக் கூட்டினாலும் பூஜ்யம்தான். சரி, நீ எந்த மாநிலம்?"

"இப்போதைக்கு மெட்ராஸுங்க."

டிங்.

கௌஸ் மொய்தீன் குனிந்து, "திம்மப்பண்ணே, 'இப்போதைக்கு'ங்கறதை விட்டுடு," என்று கிசுகிசுத்தார். நல்ல மனுஷர். பசவன் கன்றுக்குட்டியாக இருந்தபோதே பார்த்தவர். ஆனால் மணி அடிக்கத்தான் அவருக்குச் சம்பளம்.

"அடையாளம் சொல்," என்றார் அதிகாரி.

"நல்ல மாடுங்க." டிங். "லட்சணமா இருக்கும்." டிங். "கொஞ்சம் ரோஷக்காரன்." டிங் டிங். திம்மப்பனுக்கு வேர்த்துவிட்டது. இந்த மணியிடம் அகப்படாத பேச்சு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? யோசித்து யோசித்து, "நாலு காலுங்க," என்றான்.

மணி அடிக்கவில்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

"சபாஷ்! வாஸ்தவம்," என்றார் வைகுந்தநாதன். "ஆனால் பட்டியில் இருக்கிற எல்லா மாட்டுக்கும் நாலு கால். எல்லாம் உன்னுடையதா?"

"இல்லீங்க."

"அப்படியானால் இதுவும் இல்லை."

திம்மப்பன் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தான். "சாமி, அது மேஞ்சது நெல்லு இல்லீங்க. கோரைங்க. நெல்லு அங்க மொளைக்கவே இல்லை."

கௌஸ் மொய்தீன் அடிக்குமுன் அதிகாரியே கையை நீட்டி மணியை ஆட்டினார். "பலகையில் நெல் என்று எழுதியிருக்கிறது. எழுதியிருப்பது வாஸ்தவம். நீ பார்த்தது உன் கண்ணைப் பொறுத்தது." பிறகு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சே, என்ன வெயில்! இந்த ஊரே மகா மட்டமான ஊர்," என்றார்.

கௌஸ் மொய்தீனின் கை பழக்கதோஷத்தில் மணிக்குப் போனது. அதிகாரி முறைத்தார்.

"நான் சொல்வதை அபிப்பிராயம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது 'கண்டறிவு'. பயிற்சி பெற்றவனுக்குத் தோன்றினால் அது வாஸ்தவம்."

வெளியே வந்ததும் கௌஸ் மொய்தீன் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு விளக்கம் சொன்னார். "ரொம்ப யோசிக்காதேண்ணே. மேல இருந்து கீழ வந்தா வாஸ்தவம். கீழ இருந்து மேல போனா அபிப்பிராயம். நானும் வந்த நாள்லயிருந்து பாக்கறேன், இது ஒண்ணுதான் தப்பாம நடக்குது. வெள்ளிக்கிழமை ஏலம் வெச்சிருக்காரு, அதுக்குள்ள ஏதாவது வழி பாரு."

அதற்குள் தரகன் ராமப்பன் பட்டி வேலி ஓரம் இரண்டு முறை வந்து பசவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போயிருந்தான். அவன் கையில் மாடு போனால் சந்தைக்குச் சந்தை மாறி எந்தக் கண்காணாத ஊருக்கோ போய்விடும். கெம்பம்மா அதைக் கேட்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே கிளம்பிவிட்டாள்.

அவள் ஆபீசுக்குப் போகவில்லை. பவுண்டு வாசலுக்குப் போனாள். அதிகாரி குடை பிடித்துக்கொண்டு, கௌஸ் மொய்தீனோடு மேற்பார்வைக்கு வந்திருந்த நேரம். அவரை அவள் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "பாரோ பசவா! பாரோ நன் ராஜா!" என்று மாட்டை வரச்சொல்லிக் கன்னடத்தில் ஒரு குரல் கொடுத்தாள்.

பட்டியின் கடைசி மூலையிலிருந்து பசவன் "ம்மா" என்று அலறிக்கொண்டு மற்ற மாடுகளையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு வந்து, வேலி இடுக்கில் மூஞ்சியை நுழைத்து அவள் கையை நக்கியது. கெம்பம்மா அழுதுவிட்டாள்.

"பாத்தீங்களா?" என்று திரும்பினாள் அதிகாரியிடம். "இன்னும் என்னா வேணும் உங்களுக்கு?"

வைகுந்தநாதன் நிதானமாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மாடு கத்தியது வாஸ்தவம். ஓடி வந்தது வாஸ்தவம். நக்கியதும் வாஸ்தவம். ஆனால் உனக்காகக் கத்தியது, உன்னைப் பார்த்து ஓடி வந்தது, பாசத்தில் நக்கியது, இதெல்லாம் அபிப்பிராயம். கையில் உப்பு இருந்திருக்கலாம்."

"உங்க வாயில கொள்ளிய வெக்க!" என்றாள் கெம்பம்மா. மணி ஆபீசில் இருந்ததால் அடிக்க முடியவில்லை. அந்த ஒரு வாக்கியம் மட்டும் செல்லுபடியாகிவிட்டது.

அதிகாரி வேலிக்கு வெளியே பத்தடி தள்ளி நின்று பசவனை உற்றுப் பார்த்தார். பசவன் கெம்பம்மா கையை நக்குவதிலேயே இருந்தது. "சாதுவான மாடு," என்று தீர்ப்புச் சொன்னார். "வாஸ்தவம். ஏல அறிவிப்பில் போட்டு மேலிடத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடு, மொய்தீன்."

இங்கே ஒரு விஷயத்தை நான் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் சங்கராந்தி கழிந்தால் எருது விடும் விழா. மாட்டின் கொம்பில் அலங்காரத் தட்டியைக் கட்டித் தெருவில் ஓட விடுவார்கள். அதற்கு மாட்டைப் பழக்குவதில் ஆளுக்கு ஒரு வித்தை. திம்மப்பனின் வித்தை இது. பசவனின் கழுத்து மணியைக் கழற்றிக்கொண்டு வயலின் அந்தக் கோடியில் போய் நிற்பான். ஒரு கையால் மணியை ஆட்டுவான். இன்னொரு கையில் ராகிக் களி உருண்டை. பசவன் இந்தக் கோடியிலிருந்து புழுதி பறக்க ஓடி வந்து உருண்டையை வாங்கிக்கொள்ளும். மணி கழுத்தில் கிடந்தால் அதற்கு ஒன்றுமில்லை. யார் கையிலாவது ஆடினால் ஓட வேண்டும். ஓடினால் களி. களி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று திம்மப்பன் ஒரே ஒரு தடவைதான் சோதித்துப் பார்த்தான். ஒரு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தான்.

நல்லவேளை, சாவடி ஊருக்கு உள்ளே, பவுண்டு ஏரிக்கரையில். அங்கே அடிக்கிற மணி இங்கே கேட்காது.

ஏலத்துக்கு முதல் நாள் திம்மப்பன் மறுபடி போய் நின்றான். மாடு போகிற ஆத்திரம் இருந்தாலும் ஒரு மனுஷன் அடிபடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவனுக்கு மனசு வரவில்லை. "சாமி, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த மணியை மட்டும் பட்டிக்கு எடுத்துக்கினு போயிடாதீங்க. பசவன் கேட்டான்னா பாய்ஞ்சு வருவான். கையில களி இல்லேன்னா முட்டிப்புடுவான்."

டிங் டிங் டிங் டிங்.

"'வருவான்', 'முட்டிப்புடுவான்'. நடக்காத காரியம் எப்படி வாஸ்தவமாகும்? அபிப்பிராயத்திலேயே இதுதான் கடைசி ரகம்," என்றார் அதிகாரி. "தவிர, அது சாதுவான மாடு என்று முடிவாகிவிட்டது."

கௌஸ் மொய்தீன் மெல்ல, "சார், எருது விடும்போது நானும் பாத்திருக்கேன்…" என்று இழுத்தார்.

"மணியை நீயே அடித்துக்கொள்," என்றார் அதிகாரி. கௌஸ் மொய்தீன் தன்னைப் பார்த்துத் தானே ஒரு தடவை அடித்துவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், அவர் கடமை முடிந்தது.

வெள்ளிக்கிழமை பவுண்டு முற்றத்தில் கூட்டம். பட்டிக்கும் முற்றத்துக்கும் நடுவே ஒரு மூங்கில் படல்தான். ராமப்பன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். திம்மப்பனும் கெம்பம்மாவும் புளியமரத்தடியில் ஓரமாக நின்றார்கள். கெம்பம்மா வாய் திறக்கவில்லை. அவள் சும்மா இருந்தால்தான் திம்மப்பனுக்குப் பயம்.

வைகுந்தநாதன் எழுந்து பேசினார்.

"மகாஜனங்களே! நான் கெட்டிக்காரன் என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. அது அபிப்பிராயம். ஆனால் நான் கெட்டிக்காரன் என்று மேலிடத்திலிருந்து எழுதி வந்திருக்கிறது. ஆகவே வாஸ்தவம். நான்தான் வாசகம் எழுதி அனுப்பினேன். அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்து வாஸ்தவமல்லவா? இந்த ஜில்லாவில் ஜனங்கள் பசி என்கிறார்கள், தண்ணீரில்லை என்கிறார்கள், கஷ்டம் என்கிறார்கள். நான் வந்த பிறகு ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை. ஏன்? எல்லாவற்றையும் விசாரித்தேன். எல்லாம் அபிப்பிராயமாகவே இருந்தது!"

ஜனங்கள் கைதட்டினார்கள். ஏன் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் யார் பேச்சை நிறுத்தினாலும் தட்டுவார்கள்.

"ஏலத்திலும் வாஸ்தவம்தான் பேச வேண்டும். சேவகர் மொய்தீன் தாட்சண்யம் பார்க்கிறான். ஆகையால் இன்று மணி என் கையில்."

கௌஸ் மொய்தீன் இரண்டு கையாலும் மணியைப் பணிவாகக் கொடுத்தார். கொடுத்துவிட்டு நடந்து போய்ப் புளியமரத்தில் ஏறிக்கொண்டார். அது ஏன் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ராமப்பன் எழுந்தான். பாவம், பிறந்ததிலிருந்து அபிப்பிராயம் விற்றுப் பிழைத்தவன். வாஸ்தவம் பேசினால் எந்தத் தரகன் வீட்டில் அடுப்பெரியும்? "மாடு பரவால்லை சாமி, சுழிதான் கொஞ்சம் ராசியில்லாத சுழி…" என்று விலையை இறக்க ஆரம்பித்தான்.

"அபிப்பிராயம்!" என்று கர்ஜித்து, அதிகாரி கையை உயர்த்தி மணியை ஆட்டினார்.

டிங் டிங் டிங்.

பட்டிக்குள் பசவன் தலையைத் தூக்கியது. நாலைந்து நாளாகச் சர்க்கார் வைக்கோலைத் தின்று நொந்துபோன மாடு. களி என்று காதில் விழுந்ததும் சும்மா இருக்குமா? மூங்கில் படல் முறிந்த சத்தம் கேட்டது. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ராமப்பன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரிப் பக்கம் பறந்தான்.

"அபிப்பிராயம்! அபிப்பிராயம்!" என்று வைகுந்தநாதன் மாட்டைப் பார்த்தும் மணி அடித்தார். பசவன் அவரெதிரே வந்து நின்றது. மரியாதையாகத்தான் நின்றது. மணி இருந்த கையை மோந்தது. மற்ற கையை மோந்தது. சட்டைப்பையை மோந்தது. களி எங்கும் இல்லை.

"மணியைக் கீழ போடுங்க சாமி!" என்று திம்மப்பன் கத்தினான்.

அதிகாரி மணியைப் போடவில்லை. இன்னொரு தடவை ஆட்டினார்.

பிறகு நடந்ததை நீட்டி முழக்க வேண்டாம். விசேஷ அதிகாரி மேலே போனார், கீழே வந்தார், வந்த இடம் மாட்டுத் தண்ணீர்த் தொட்டி. பசவன் அவருடைய தொப்பியைக் கொஞ்சம் கடித்துப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் துப்பியது. அப்புறம் கெம்பம்மாவிடம் போய் நின்றுகொண்டது. அவள் மடியிலிருந்து ஒரு களி உருண்டை எடுத்துக் கொடுத்தாள். அதை ஏன் மடியில் கட்டிக்கொண்டு வந்தாள் என்று திம்மப்பன் இன்றுவரை கேட்டதில்லை.

ஏலம் நின்றது. அதிகாரி பங்களாவில் குப்புறப் படுத்தார். மாட்டை மறுபடி பட்டியில் கட்டினார்கள். அடிபட்டதற்கு விடுப்பும் வைத்தியச் செலவும் கேட்டு மேலிடத்துக்கு அவர் எழுதினார். மேலிடத்தில் அவரைப் போலவே பயிற்சி பெற்ற இன்னொருவர் இருந்தார். பதில் உடனே வந்தது. கௌஸ் மொய்தீன்தான் கட்டிலருகே நின்று படித்தார்.

"'மேற்படி மாடு சாதுவானது என்பது தங்களாலேயே வாஸ்தவம் என்று முடிவு செய்யப்பட்டிருக்கிறது. சாதுவான மாடு முட்டாது. ஆகவே முட்டியதாகத் தாங்கள் கூறுவது அபிப்பிராயம். வலி என்பது மனசைப் பொறுத்தது. மாட்டின் உடையவனே நேரில் வந்து, அது முட்டும் மாடு என்று உறுதி சொன்னாலொழிய விடுப்பு இல்லை. தாங்கள் உடனே வேலையில் உட்காரவும்.'"

"உட்காரவுமா?" என்று முனகினார் வைகுந்தநாதன்.

திம்மப்பனைக் கூட்டி வந்தார்கள். கெம்பம்மாவும் கூடவே வந்தாள். பசவனையும் சாட்சிக்காக ஓட்டி வந்து ஜன்னலுக்கு வெளியே கட்டினார்கள். கௌஸ் மொய்தீன் மணியோடு தயாராக நின்றார்.

"திம்மப்பா, இந்த மாடு முட்டும் என்று சொல்லப்பா."

"அது அபிப்பிராயமாச்சுங்களே சாமி."

"இல்லையப்பா! வாஸ்தவம்! வளர்த்தவனுக்குத் தெரியாதா?"

"வளத்தவன் நான்தான்னு யாருங்க சொன்னது? 'என்னுது'ன்னாவே மணி அடிச்சீங்களே."

"உன்னுதுதான். உன் மாடுதான். ஊரே சொல்கிறதே! மொய்தீன், எழுதிக்கொள். கூப்பிட்டால் ஓடி வந்ததை நானே பார்த்தேன்."

"கையில உப்பு இருந்திருக்கும்ங்க," என்றாள் கெம்பம்மா.

"ஏம்மா வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறாய்? பாசம்தானம்மா!"

அதிகாரி கையெழுத்துப் போட்டார். திம்மப்பனும் அது முட்டும் மாடு என்று உறுதி சொல்லி, மாட்டைத் திரும்பப் பெற்றான். அபராதம்கூட வேண்டாம் என்றார். அந்த வயலில் இருந்தது கோரைதான் என்று படுக்கையில் இருந்தபோது அவருக்கே கண்டறிவாயிற்று. எல்லாம் முடிந்து திம்மப்பன் கும்பிட்டுப் புறப்படும்போது, அவர் தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கிக் கேட்டார்.

"ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை திம்மப்பா. அத்தனை பேர் இருந்தார்களே. ராமப்பன் இருந்தான். அது ஏன் என்னைத் தேடி வந்து முட்டியது?"

திம்மப்பன் கொஞ்சம் யோசித்தான். களி உருண்டைக் கதையைச் சொல்லியிருக்கலாம். அதை ஒரு தடவை சொல்லிவிட்டான், கணக்கில் சேரவில்லை.

"முட்டுனது வாஸ்தவங்க சாமி," என்றான் பணிவாக. "ஏன் முட்டுச்சுன்னு கேட்டா… அது மாட்டோட அபிப்பிராயம்."

அபிப்பிராயம் என்று காதில் விழுந்ததும், விதிப்படி கௌஸ் மொய்தீன் மணியைக் கையில் தூக்கினார். ஜன்னலுக்கு வெளியே பசவன் காதை நிமிர்த்தியது.

"ஐயோ, வேண்டாம்!" என்று அலறி, எழுந்திருக்கவே முடியாத மனுஷர் கட்டில்மேல் எழுந்து நின்றுவிட்டார். "வாஸ்தவம்! மாட்டினுடையதும் வாஸ்தவம்தான்! அந்த மணியையும் அவனிடமே கொடுத்து அனுப்பு!"

திம்மப்பன் மணியை வாங்கிப் பசவன் கழுத்தில் கட்டினான். மறுநாள் காலை ஏர் பூட்டினான்.